சமையல் செயலியை அடுப்படியிலிருந்து திருத்துதல்

சமையல் குறிப்புச் செயலியை ஒருவர் இரண்டு வேளைகளில் திறக்கிறார். முதலாவது, இன்று என்ன சமைக்கலாம் என்று தேடும் வேளை. நாற்காலியிலோ பேருந்திலோ உட்கார்ந்து படங்களைத் தள்ளிக்கொண்டே போகலாம்; அவசரம் ஒன்றும் இல்லை. இரண்டாவது, சமைக்கும் வேளை. அப்போது போன் சமையல் மேடையில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது, கையில் புளியோ மாவோ ஒட்டியிருக்கிறது, எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கிறது, கண் வாணலிக்கும் திரைக்குமாக அலைகிறது. ஆள் ஒருவர்தான், தேவை முழுக்க வேறு. இன்று புழக்கத்தில் உள்ள செயலிகள் பெரும்பாலும் முதல் வேளையை மனத்தில் வைத்தே செய்யப்படுகின்றன. பெரிய படம், முடிவில்லாத பட்டியல், விருப்பக்குறி, பகிர்வு எல்லாம் தேடுபவருக்கு. சமைப்பவருக்குக் கிடைப்பது நீளமான ஒரு பக்கம் மட்டும். செயலியைப் புதுப்பிக்கிறோம் என்று முகப்பையும் நிறத்தையும் மாற்றும்போது இந்தக் குறை அப்படியே இருந்துவிடுகிறது. அடுப்பருகே நிற்பவரின் திரையை முதலில் திருத்தினால் மற்றப் பகுதிகள் எப்படி இருக்க வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும்.

அந்த நீளமான பக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பழைய ஐரோப்பியச் சமையல் நூல்களில் ஒரு குறிப்பு என்பது பெரும்பாலும் ஒரே பத்தி. பொருளும் அளவும் செய்முறைக்குள்ளேயே கலந்து கிடக்கும். இங்கிலாந்தில் எலைசா ஆக்டன் 1845இல் வெளியிட்ட நூல், பொருட்களையும் அளவுகளையும் குறிப்பின் முடிவில் தனியே தொகுத்துத் தந்தது. 1861இல் நூலாக வந்த இசபெல்லா பீட்டனின் இல்லப் பராமரிப்பு நூல் அந்தப் பட்டியலைத் தலைப்புக்குக் கீழேயே கொண்டுவந்து வைத்தது. ஆகும் நேரம், செலவு, எத்தனை பேருக்குப் போதும், எந்தப் பருவத்தில் கிடைக்கும் என்ற விவரங்களையும் சேர்த்தது. செயலியில் படத்துக்குக் கீழே வரும் ‘30 நிமிடம், 4 பேருக்கு’ என்ற வரி பீட்டனின் நேரடி வாரிசு. 1896இல் அமெரிக்காவின் பாஸ்டன் சமையற்பள்ளி நூலில் ஃபேனி ஃபார்மர், கோப்பையும் கரண்டியும் தலைதட்டி அளக்கப்பட வேண்டும் என்று வற்புறுத்தினார். தமிழில் எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951இல் வெளிவந்தபோது, பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆளில்லாதவரும் பின்பற்றும்படி அளவோடு எழுதும் முறை தமிழ் வீடுகளுக்குள் வந்தது.

ஆக, மேலே பொருட்பட்டியல், கீழே செய்முறை என்ற அமைப்பு அச்சுக்காக உருவானது. விரித்த புத்தகத்தில் இரண்டும் ஒரே பார்வையில் படும். கண்ணை நகர்த்தினால் போதும். கையகலத் திரையில் அது நடப்பதில்லை. ‘மிளகாய்த்தூள் சேர்க்கவும்’ என்ற வரி தெரியும்போது எவ்வளவு என்பது மேலே எங்கோ மறைந்திருக்கிறது. விரலால் மேலே தள்ளி, அளவைப் பார்த்து, மறுபடி கீழே வந்து, விட்ட இடத்தைத் தேட வேண்டும். ஒரு குழம்பு கொதித்து இறங்குவதற்குள் இது பலமுறை நடக்கும்.

இதற்கான விடையும் அச்சிலேயே இருந்திருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இர்மா ராம்பவர் 1931இல் சொந்தச் செலவில் அச்சிட்ட ‘தி ஜாய் ஆஃப் குக்கிங்’ நூல், பின்னர் வந்த பதிப்புகளில் வேறொரு வழியைப் பிடித்தது. எந்தப் பொருள் எந்தக் கட்டத்தில் பாத்திரத்துக்குள் போகிறதோ, அந்த வரியிலேயே அதன் பெயரும் அளவும் அச்சாயின. போனுக்குப் பொருத்தம் பீட்டனைவிட ராம்பவர்தான். ‘மிளகாய்த்தூள் 1 டீஸ்பூன், மஞ்சள்தூள் ¼ டீஸ்பூன் சேர்த்துக் கிளறவும்’ என்று ஒவ்வொரு படியும் தன் அளவைத் தானே சுமந்து நின்றால் மேலே போகவேண்டிய தேவையே எழாது. முழுப் பட்டியலும் இருக்கட்டும். மளிகை வாங்கவும், வீட்டில் எது இருக்கிறது, எது தீர்ந்துவிட்டது என்று சரிபார்க்கவும் அது வேண்டும். சமைக்கும் திரையில் மட்டும் அதற்கு வேலை இல்லை.

ஒரே ஒரு குறிப்பை அருகில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். சுண்டைக்காய் வத்தக்குழம்பு பெரும்பாலான செயலிகளில் இப்படித்தான் எழுதப்படும்: ‘வாணலியில் நல்லெண்ணெய் காயவைத்துக் கடுகு, வெந்தயம், துவரம்பருப்பு, மிளகாய் வற்றல், பெருங்காயம் தாளித்து, சுண்டைக்காய் வற்றலைப் போட்டு வறுத்து, சாம்பார்ப் பொடி சேர்த்துக் கிளறி, ஊறவைத்துக் கரைத்த புளித்தண்ணீரை விட்டு, உப்புப் போட்டு, எண்ணெய் பிரிந்து வரும்வரை கொதிக்கவிடவும்.’ பிழை என்று சொல்ல ஒன்றும் இல்லை. பழகிய கைக்கு இது போதும். புதிதாகச் சமைப்பவர் மாட்டிக்கொள்வது சாம்பார்ப் பொடிக்குப் பிறகு. காய்ந்த எண்ணெயில் பொடி விழுந்தால் சில நொடிகளில் கருகத் தொடங்கும். அந்த நொடியில்தான் புளி ஊறவைத்திருக்க வேண்டும் என்ற செய்தி திரையில் கண்ணில் படுகிறது. புளி இன்னும் டப்பாவில் கட்டியாக இருக்கிறது. அடுப்பை அணைப்பதற்குள் பொடி கசந்துவிடுகிறது.

இங்கே கோளாறு சமைப்பவருடையது என்று சொல்லிவிட முடியாது. ‘ஊறவைத்துக் கரைத்த’ என்ற ஓர் அடைமொழிக்குள் இருபது நிமிட வேலை ஒளிந்திருக்கிறது. இதைப் போலவே, ‘முந்தின நாள் ஊறவைத்த கொண்டைக்கடலை’, ‘அரைத்த தேங்காய் விழுது’, ‘வேகவைத்த பருப்பு’ ஆகியவையும் பொருட்பட்டியலில் ஒரு பொருளைப் போல உட்கார்ந்திருந்தாலும் ஒவ்வொன்றும் தனி வேலை. திருத்திய செயலி இவற்றை வெளியே எடுத்து, அடுப்பைப் பற்றவைக்கும் முன் செய்ய வேண்டியவை என்று ஒரு தனித் திரையில் காட்ட வேண்டும். எலுமிச்சையளவு புளியை வெந்நீரில் ஊறவை. சாம்பார்ப் பொடி 2 டேபிள்ஸ்பூனைக் கிண்ணத்தில் எடுத்து வை. தாளிக்கும் சாமான்களை ஒரே தட்டில் கூட்டி வை. இதன் பிறகுதான் எண்ணெய். தாளிப்பிலிருந்து புளித்தண்ணீர் விடும் வரை உள்ள வேலை நிறுத்தி வாசிக்க இடம் தராதது. ஆகவே அதை ஒரே திரையில் பெரிய எழுத்தில் முழுமையாகக் காட்ட வேண்டும். படிக்கு ஒரு திரை என்று இயந்திரத்தனமாகப் பிரிக்கும் செயலிகள், கடுகு வெடித்துக்கொண்டிருக்கும்போது ‘அடுத்து’ என்ற பொத்தானை அழுத்தச் சொல்கின்றன. படியை எங்கே வெட்டுவது என்பதை வாக்கிய நீளம் முடிவுசெய்யக் கூடாது. கை எங்கே ஓய்கிறதோ அங்கே வெட்ட வேண்டும். இதைக் கணினியிடம் விட்டுவிட முடியாது. சமைக்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு குறிப்பையும் உட்கார்ந்து திருத்தி எழுத வேண்டும். மறுவடிவமைப்புச் செலவில் பெரும்பகுதி இதற்கே போகும், போகவும் வேண்டும்.

அடுத்தது கையும் திரையும். இன்றைய போன்களின் தொடுதிரை விரலின் மின்னேற்பை உணர்ந்து வேலை செய்கிறது. தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்துவதால், ஈரக்கை பட்டால் தொடாத இடத்தில் தொட்டதாகவும், தொட்ட இடத்தில் தொடாததாகவும் திரை குழம்பும். விரல் நுனியால் குறிபார்த்து அழுத்த வேண்டிய சின்னச் சின்னப் பொத்தான்கள் அடுப்படிக்கு ஆகாது. பொத்தானின் அகலமும் உயரமும் குறைந்தது 44 புள்ளி இருக்க வேண்டும் என்று ஆப்பிள் சொல்கிறது. கூகுளின் அளவு 48, ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். உலர்ந்த விரலுக்கே அதுதான் குறைந்தபட்சம். சமைக்கும் திரையில் பாதித் திரையே ஒரு பொத்தானாக இருந்தாலும் மிகையில்லை, முழங்கை பட்டாலும் அடுத்த படிக்குப் போக வேண்டும். எழுத்தளவும் அப்படியே. கையில் பிடித்துப் படிக்கும் போன் கண்ணிலிருந்து ஓரடி தூரத்தில் இருக்கிறது. மேடையில் சாய்த்த போன் அதைப் போல இரண்டு மடங்குத் தொலைவில் இருந்தால், எழுத்தும் இரண்டு மடங்கு பெரிதாக வேண்டும். தமிழ் எழுத்துகளில் சுழிகளும் கொம்புகளும் அதிகம் என்பதால் வரிகளுக்கிடையே கூடுதல் இடமும் தேவை. ஆங்கிலத்துக்கு அளந்த பெட்டியில் தமிழைத் திணித்தால் சொல் பாதியில் வெட்டுப்படுவதைப் பல செயலிகளில் காணலாம்.

திரை தானாக அணைவது இன்னொரு தொல்லை. மாவு பிசைந்த கையால் போனைத் திறக்க முடியாது; கைரேகையையும் அது ஏற்காது. செயலி திறந்திருக்கும்வரை திரையை அணையாமல் வைக்கும் வசதி ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் வெகுகாலமாக உண்டு. இணையதளங்களுக்கு அது தாமதமாகத்தான் வந்தது: குரோம் உலாவியில் 2020இல், சஃபாரியில் 2023இல். அமெரிக்காவின் பெட்டி குராக்கர் தளம் இந்த வசதியை முதலில் பயன்படுத்தியவற்றுள் ஒன்று. திரையை அணையாமல் வைக்கும் விசையைப் போட்டவர்கள், எல்லாப் பயனரின் சராசரியைவிட மூன்று மடங்குக்குச் சற்று மேலான நேரம் தளத்தில் இருந்தார்கள் என்று அந்தத் தளத்தினர் கண்டார்கள். அந்த எண்ணை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். அந்த விசையைப் போடுபவர் ஏற்கெனவே சமைக்க முடிவு செய்தவர். அவர் நீண்ட நேரம் இருப்பதில் வியப்பில்லை. ஆனாலும் ஓர் உண்மை அதில் வெளிப்படுகிறது. சமைப்பவர்கள் தனிக் கூட்டம், அவர்களை அடையாளம் காண ஒரு விசை போதும். செயலியில் அந்த விசையைக்கூடக் கேட்கத் தேவையில்லை. ‘சமைக்கத் தொடங்கு’ என்பதை அழுத்திய கணமே திரை விழித்திருக்க வேண்டும்.

அளவுகளில் சிக்கல் இன்னும் ஆழமானது. ‘1 கப்’ என்றால் அமெரிக்காவில் சுமார் 237 மில்லிலிட்டர், ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. டேபிள்ஸ்பூன் பெரும்பாலான நாடுகளில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. தமிழ் வீட்டில் கப் என்பது அலமாரியில் முதலில் கைக்குக் கிடைக்கும் டம்ளர். பழைய தமிழ்க் குறிப்புகளில் வரும் ஆழாக்கு, படியில் எட்டில் ஒன்று. அதை அறிந்தவர் இன்று குறைவு. செயலி எந்தக் கப்பைச் சொல்கிறது என்பதை ஒவ்வொரு குறிப்பிலும் எழுத வேண்டும்; தொட்டால் கிராமுக்கும் மில்லிக்கும் மாறவும் வேண்டும். இட்லிக்கு அரிசியும் உளுந்தும் நாலுக்கு ஒன்று என்பது போல, விகிதமே முக்கியமான இடங்களில் எந்த டம்ளரானாலும் சரிதான். அங்கே கிராம் கணக்கு வீண் மிரட்டல். கேக்கில் நிலைமை வேறு. தலைதட்டிய மைதாவுக்கும் அமுக்கி அள்ளிய மைதாவுக்கும் உள்ள எடை வேறுபாடே கேக்கைக் கல்லாக்கிவிடும். எங்கே துல்லியம் வேண்டும், எங்கே வேண்டாம் என்பதையும் குறிப்பு சொல்லியாக வேண்டும். ‘உப்பு தேவையான அளவு’ என்று எழுதித் தப்பிப்பது புதியவருக்கு எந்த உதவியும் செய்வதில்லை. ‘1 டீஸ்பூனில் தொடங்கி, கொதித்தபின் ருசி பார்த்துக் கூட்டவும்’ என்பது உதவி.

நான்கு பேருக்கான குறிப்பைப் பன்னிரண்டு பேருக்கு மாற்றும் பொத்தான் இப்போது எங்கும் இருக்கிறது. அது பொருட்பட்டியலை மூன்றால் பெருக்குகிறது, அத்தோடு நின்றுவிடுகிறது. செய்முறை வரிகளுக்குள் எழுதப்பட்ட அளவு மாறுவதில்லை. மேலே ‘6 டம்ளர் தண்ணீர்’, கீழே ‘2 டம்ளர் தண்ணீர் விடவும்’ என்று ஒரே குறிப்பு தன்னோடு தானே முரண்படும். பெருக்கிய பின் வேகும் நேரம் மூன்று மடங்காகாது. தண்ணீர் வற்றும் வேகம் பாத்திரத்தின் வாயகலத்தைப் பொறுத்தது. மூன்று மடங்கு பருப்பு அதே குக்கரில் அடங்காது. 20 சென்டிமீட்டர் வட்டத் தட்டுக்கு எழுதிய கேக்கை 25 சென்டிமீட்டர் தட்டில் செய்தால், உயரம் மாறாமலிருக்க மாவு ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம் வேண்டும். இத்தகைய இடங்களில் செயலி கணக்குப் போட்டுவிட்டு வாய்மூடக் கூடாது. ‘இந்த அளவுக்கு 5 லிட்டர் குக்கர் போதாது, இரண்டு முறையாக வைக்கவும்’ என்ற ஒரு வரி, பெருக்கல் பொத்தானைவிடப் பயனுள்ளது.

நேரத்தைப் பற்றிச் சமையல் குறிப்புகள் நெடுங்காலமாக உண்மை சொல்வதில்லை. வெங்காயத்தைப் பழுப்பாகி இனிக்கும்வரை வதக்க ஐந்து அல்லது பத்து நிமிடம் என்று எழுதிக்கொண்டே வந்தார்கள். முக்கால் மணி நேரம்போல ஆகும் என்று 2012இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் டாம் ஸ்கோக்கா ஸ்லேட் இதழில் எழுதிக் காட்டினார். சில ஆண்டுகள் கழித்து, அதே கேள்விக்குக் கூகுள் தேடல், அவர் மறுத்துக் காட்டிய பொய்க் கணக்கை அவர் கட்டுரையிலிருந்தே எடுத்து விடையாகத் தந்தது. நிமிடக் கணக்கு ஒருமுறை எழுதப்பட்டுவிட்டால் அதற்கு எவ்வளவு ஆயுள் என்பது இதில் தெரிகிறது. செயலி நேரத்தை இரண்டாகப் பிரித்துச் சொல்ல வேண்டும்: கை வேலை எவ்வளவு, சும்மா காத்திருப்பது எவ்வளவு. இட்லியில் கை வேலை கொஞ்சம்தான், ஊறவும் புளிக்கவும் ஆகும் நேரம் கிட்டத்தட்ட ஒரு நாள் இழுக்கும். ‘மொத்தம் 20 மணி நேரம்’ என்று எழுதினால் ஆள் ஓடிவிடுவார்; ‘தயாரிப்பு 15 நிமிடம்’ என்று எழுதினால் ஏமாந்துபோவார். நாளைக் காலை ஏழரைக்கு இட்லி வேண்டுமென்றால் இன்று காலையில் ஊறவை, பிற்பகலில் அரை என்று பின்னோக்கிக் கணக்கிட்டு நினைவூட்டுவதுதான் காகிதத்தால் முடியாத, செயலியால் முடிகிற காரியம்.

வதக்கல், வறுவல் போன்றவற்றில் நிமிடத்தோடு அடையாளமும் சேர வேண்டும்: பச்சை வாசனை போகும்வரை, எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை, பருப்பு நசுக்கினால் மசியும்வரை. கூடவே ஒரு சிறு படம் இருந்தால் இன்னும் நல்லது. முகப்பில் வைக்கும் பளபளப்பான படத்துக்குச் செலவிடுவதை, வெங்காயம் எந்த நிறத்தில் நிற்க வேண்டும் என்ற படத்துக்குச் செலவிடலாம். குக்கருக்கு விசில்தான் கணக்கு. தீயின் அளவுக்கும் குக்கரின் அளவுக்கும் தக்கபடி மூன்று விசில் வர ஆகும் நேரம் வீட்டுக்கு வீடு மாறும். உள்ளே வெப்பம் சுமார் 120 டிகிரிக்குப் போய்விடுவதால் இரண்டு நிமிடக் கூடுதலே பருப்பைக் குழைத்துவிடும். எனவே ‘முதல் விசிலுக்குப் பின் தீயைக் குறைத்து 8 நிமிடம்’ என்ற வகையில் எழுதி, அந்த வரியைத் தொட்டால் கடிகாரம் ஓடத் தொடங்குவது நல்ல ஏற்பாடு. குறிப்பில் எழுதியுள்ள நேரத்தைத் தொட்டதும் கடிகாரம் தொடங்குவது, நடந்துகொண்டிருக்கும் படியை அடையாளமிட்டு வைப்பது ஆகியவை பாப்ரிகா என்ற செயலியில் ஏற்கெனவே உள்ளன. ஒரே நேரத்தில் மூன்று கடிகாரம் ஓடும்போது ‘சாதம்’, ‘குழம்பு’, ‘பொரியல்’ என்று பெயரோடு ஒலிப்பது அவசியம். வெறும் மணியோசை எதற்கென்று தெரியாமல் எல்லா மூடியையும் திறக்கவைக்கும்.

தேடுபவரின் பக்கம் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தமிழில் தட்டுபவர் வத்தக்குழம்பு, வத்தல் குழம்பு, வற்றல் குழம்பு என்று மூன்று விதமாகத் தட்டுவார். ஆங்கில எழுத்தில் தட்டுபவர் இன்னும் ஆறு விதமாக. எல்லாம் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ‘வெங்காயம் பூண்டு இல்லாமல்’, ‘மிக்ஸி தேவையில்லை’, ‘வேர்க்கடலை கூடாது’ என்று விலக்கித் தேடும் வசதி, நாட்டுவாரியான பிரிவுகளைவிட அன்றாடத்துக்கு உதவும். சைவ, அசைவக் குறிகளை நிறத்தால் மட்டும் பிரிக்கக் கூடாது. பச்சை வட்டத்தையும் பழுப்பு வட்டத்தையும் நிறக்குருடு உள்ளவரால் பிரித்தறிய முடியாது என்பதால்தான், இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள் அசைவக் குறியை முக்கோணமாக்கின. செயலியும் அதே வடிவத்தைக் கையாளலாம்.

குறிப்புக்கு முன்னால் வரும் நீண்ட கதை பலருக்கு எரிச்சல். விளம்பரத்துக்கு இடம் வேண்டும், தேடுபொறியின் கண்ணில் பட வேண்டும் என்பவை அதற்குக் காரணங்கள். இன்னொன்று, வெறும் பொருட்பட்டியலுக்கு அமெரிக்கச் சட்டத்தில் பதிப்புரிமை இல்லை. எழுதியவரின் சொந்த நடைக்கு மட்டுமே உண்டு. 2021இல், கதையை நீக்கிக் குறிப்பை மட்டும் எடுத்துத் தரும் ரெசிபீஸ்லி என்ற தளம் தொடங்கிய உடனேயே, உழைப்பைத் திருடுகிறார்கள் என்று குறிப்பெழுதுபவர்கள் கொதித்தெழ, அது மூடப்பட்டது. அவர்கள் கோபம் நியாயமானது. கதை தேடும் வேளைக்கு உரியது. அங்கே அது இருக்கட்டும். சமைக்கும் திரையில் எழுதியவரின் பெயரை மட்டும் வைத்தால் இரு தரப்புக்கும் நீதி. விளம்பரமும் அப்படியே. வாணலியில் பொடி கருகும் நொடியில் திரையை மறைத்துக்கொண்டு எழும் விளம்பரத்துக்கு எந்த வருமானக் கணக்கும் சமாதானம் ஆகாது.

சமைத்தவர் தன் குறிப்பை எழுதிவைக்கும் இடம் அநேகமாக எல்லாச் செயலியிலும் ஒப்புக்கு இருக்கிறது. ஜப்பானின் குக்பேட் இதைப் பெரிதாக வளர்த்தது. குறிப்பைப் பார்த்துச் சமைத்தவர் தன் படத்தையும் ஓரிரு வரியையும் எழுதியவருக்கு அனுப்புவார். வெறும் நட்சத்திர மதிப்பெண்ணைவிட அது அடுத்தவருக்கு அதிகம் சொல்கிறது, ஏனென்றால் சமைக்காமல் அதை அனுப்ப முடியாது. ‘புளியைக் குறைத்தேன், சரியாக இருந்தது’ என்ற சொந்தத் திருத்தம் அடுத்த முறை அந்தப் படியிலேயே தெரிய வேண்டும், பக்கத்தின் அடியில் போய்க் கிடக்கக் கூடாது. சேர்த்துவைத்த குறிப்புகளை வெளியே எடுத்துக்கொள்ளும் வழியும் வேண்டும். வேர்ல்பூல் நிறுவனம் 2017இல் வாங்கிய யம்லி, 2024 இறுதியில் மூடப்பட்டது; ஆண்டுக்கணக்காக அங்கே சேமித்தவர்கள் வேறிடம் தேட வேண்டியதாயிற்று. அம்மா கைப்பட எழுதிய நோட்டுப் புத்தகம் அலமாரியில் நாற்பது வருடம் இருக்கிறது. செயலி அந்த நம்பிக்கையைக் கேட்பதானால், சாதாரணக் கோப்பாகப் பதிவிறக்கும் பொத்தானைக் கண்ணில் படும் இடத்தில் வைத்தாக வேண்டும்.

இவ்வளவும் சரியாக அமைந்ததா என்பதை அலுவலக மேசையில் சோதிக்க முடியாது. ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 2000இல் எழுதியது வடிவமைப்பாளர்களிடையே வெகுவாகப் பரவியது. சமையல் செயலிக்கு அந்த ஐவரும் அவரவர் சமையலறையில், அவரவர் பாத்திரத்தில், இதுவரை செய்யாத ஒன்றைச் சமைக்க வேண்டும். பார்ப்பவர் வாய் திறக்காமல் ஓரத்தில் நிற்க வேண்டும். முதியவர் ஒருவர், சமையலே தெரியாத ஒருவர், தமிழ் மட்டும் படிப்பவர் ஒருவர் அதில் இருக்க வேண்டும். கவனிக்க வேண்டியவை சில: எத்தனை முறை திரையை மேலே தள்ளினார், எங்கே கையைத் துடைத்தார், எந்த வரியை இரண்டு முறை வாசித்தார், எந்த இடத்தில் செயலியை விட்டுவிட்டு வீட்டாரைக் கூப்பிட்டுக் கேட்டார். செயலியில் கழித்த நிமிடங்களை வெற்றியாக எண்ணும் வழக்கமான அளவுகோல் இங்கே தலைகீழாக வழிநடத்தும். நன்றாக எழுதிய குறிப்பில் கண் திரையில் இருக்கும் நேரம் குறையும். தொடங்கிய சமையலில் எத்தனை கடைசிப் படிவரை போயிற்று, அதே குறிப்பை மறுபடி எத்தனை பேர் சமைத்தார்கள் என்ற இரண்டு கணக்கும் அதைவிட நம்பகமானவை. பழைய அமைப்பில் கைபழகியவர்களுக்குச் சில மாதங்கள் பழைய பக்கத்துக்குத் திரும்பும் வழியைத் திறந்து வைத்து, அப்படித் திரும்புகிறவர்கள் எந்தக் குறிப்பில், எந்தப் படியில் திரும்புகிறார்கள் என்று பார்த்தால், அடுத்துத் திருத்த வேண்டிய குறிப்புகளின் பட்டியல் அதிலேயே கிடைக்கும்.